மஞ்சள் பாம்பு பச்சையான கோடை

ஒருவர் உங்கள் பரிசோதனை மேசையின்மேல் ஒரு பாம்பை வைத்து, "இது எங்க பாம்புதானா, பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டால் என்ன விடை சொல்வதென்று எந்தக் கல்லூரியும் கற்பிப்பதில்லை. சென்னையில் நான் பயின்ற காலத்தில் பசுவையும் எருமையையும் ஆட்டையும் தாண்டிப் பாடம் நகர்ந்ததே இல்லை. குதிரை வருவதற்குள் தேர்வு வந்துவிடும். இத்தொழிலில் இப்போது நுழையும் நீங்கள் என்னைவிட நன்றாகக் கற்றவர்கள். ஆயினும், நான் தொலைபேசியில் உதிர்த்த இரண்டே சொற்கள் ஒரு நல்ல பெண்மணியைக் கார் நிறுத்துமிடத்தில் கற்பூரத்தட்டோடு நிறுத்திய கதையை உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

கலிஃபோர்னியாவில் உரிமம் பெற்று ஃப்ரீமான்ட்டில் சிறியதொரு மருத்துவமனை தொடங்கிய பின்னர், நாயும் பூனையுமே எனக்குச் சோறிட்டன. தொண்ணூறுகளின் பிற்பாதியில் அவ்வூரில் தமிழ்க் குடும்பங்கள் பெருகின. தமிழ் பேசும் விலங்கு மருத்துவர் ஒருவர் இருக்கிறார் என்ற செய்தி, மௌரி அவென்யூ மளிகைக் கடைகளில் கறிவேப்பிலை பொறுக்கும் இடத்திலேயே பரவிற்று. கிளி வந்தது; முயல் வந்தது; ஒருமுறை ஒரு குடும்பம் தங்கமீனை இட்லிப் பானையில் வைத்துக் கொண்டுவந்தது. எவரிடமும் எனக்குத் தெரியாது என்று நான் சொன்னதில்லை. அதைப் பெருந்தன்மை என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

பாம்பைப் பொறுத்தவரை எனக்கு மற்றுமோர் இறுமாப்பு உண்டு. விடியலில் பதிகம் ஓதாமல் நான் காபி அருந்தியதில்லை. ஓதும் பாடல்களிலெல்லாம் எம்பெருமான் பாம்பை அரையில் கச்சாகவும் மார்பில் ஆரமாகவும் பூண்டு நிற்கிறான். அதன் படம், அதன் புள்ளி, அதன் சீற்றம் அனைத்தும் எனக்கு மனப்பாடம். ஆகையால் பாம்பை அறிவேன் என்று நம்பினேன். பாடிய பெரியோர் எவரும் அதற்கு மருத்துவம் பார்க்கவில்லை என்பது எனக்குத் தோன்றவில்லை.

ஒரு வசந்தத்தில் உமா என்னும் கோயம்புத்தூர்ப் பெண்மணி தம் பன்னிரண்டு வயது மகள் நிலாவோடு வந்தார். நிலாவின் கையில் ஒரு தலையணை உறை. உறைக்குள் எலுமிச்சம்பழ நிறத்தில் ஒரு மலைப்பாம்புக் குட்டி. மரத்தில் வாழும் இனம். ஹேவர்டில் நடந்த ஊர்வன கண்காட்சியில் வாங்கியது. விற்றவர் அவ்வினத்தைக் 'காண்ட்ரோ' என்ற செல்லப் பெயரால்தான் குறித்திருந்தார். நிலா அதற்கு லெமன் என்று பெயரிட்டிருந்தாள். நான் அதைத் தலை முதல் வால் வரை பார்த்தேன், எடை போட்டேன், வயிற்றைத் திருப்பிப் பார்த்தேன், கோப்பில் எழுதினேன். முதல் வரி: நிறம், மஞ்சள். எங்கள் பரம்பரையில் முதன்முதலாகப் பாம்பைத் தொட்டவன் என்ற பெருமிதத்தில் அன்று மதியம் இரண்டு கரண்டி சோறு கூடுதலாக உண்டேன்.

ஜூனில் பள்ளி முடிந்ததும் அக்குடும்பம் பத்து வாரம் ஊருக்குப் புறப்பட்டது. ஊருக்குப் போகிறவர்கள் செடிக்குத் தண்ணீர் ஊற்றவும் கடிதம் எடுத்து வைக்கவும் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுப்பது அங்கு வழக்கம். உமா சாவியோடு பாம்பையும் கொடுத்தார். பெற்றுக்கொண்டவர் பரிமளா. ஒரே குடியிருப்பில் எதிர் வீடு. உமாவைவிட ஏழெட்டு வயது மூத்தவர். இரண்டு வீட்டுக் குழம்பும் எந்தப் பாத்திரம் யாருடையது என்று தெரியாத அளவுக்கு இடம் மாறிக்கொண்டிருந்த நட்பு. முட்டை கலந்த கேக்கைக்கூடத் தொடாத பரிமளா, உறைந்த எலிகள் நிறைந்த ஒரு டப்பாவை நிலாவின் முகத்துக்காகத் தம் ஃப்ரீசரில் தேங்காய்த் துருவலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். நான் பாடும் பதிகம் எதிலும் இதைவிடப் பெரிய தொண்டைக் கண்டதில்லை.

ஆகஸ்டில் அவர்கள் திரும்பியபோது கண்ணாடிப் பெட்டிக்குள் பச்சைப் பாம்பு ஒன்று சுருண்டிருந்தது. வாழையின் இளங்குருத்து விரிந்து முற்றிய பச்சை.

உமா எனக்குத் தொலைபேசினார். அப்போது நான் ஒரு பூனையின் கடைவாய்ப் பல்லில் முழு மனத்தையும் செலுத்தியிருந்தேன். வரவேற்பில் பணிபுரிந்த லிண்டா, தொலைபேசியின் கைப்பிடியை என் காதுக்கும் தோளுக்கும் இடையே செருகினார். மஞ்சள் பாம்பு பச்சையாக மாறுமா என்று உமா கேட்டார். "வாய்ப்பே இல்லை" என்றேன். மாறுமோ மாறாதோ என்ற ஐயம் அக்கணத்தில் எனக்கு எழவே இல்லை. மஞ்சள் மஞ்சள்தான், பச்சை பச்சைதான் என்று என் வாய் தானே முடிவு செய்தது. தொலைபேசியை வைத்துவிட்டுப் பல்லைப் பிடுங்கினேன். பல் நன்றாகவே வந்தது.

அந்த இரண்டு சொற்களும் எதிர் வீட்டுக் கதவைத் தட்டியது எனக்குத் தெரியாது. டாக்டரே சொல்லிவிட்டார், ஆகவே லெமன் இறந்துவிட்டது, ஆகவே பரிமளா அக்கா அதை மறைத்து எங்கிருந்தோ வேறொரு பாம்பை வாங்கி வைத்திருக்கிறார் என்று தாயும் மகளும் முடிவு கட்டினர். நிலா மூன்று நாள் பள்ளிக்குப் போகவில்லை. நான்காம் நாள் எதிர் வீட்டுக்குச் சென்று, லெமனை எங்கே புதைத்தீர்கள் என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம்.

சனிக்கிழமை பிற்பகல் மூவரும் வந்தனர். உமாவின் கண்கள் சிவந்திருந்தன. நிலா தலையணை உறையைத் தொடவே மறுத்து, அம்மாவின் பின்னால் நின்றாள். உறையைச் சுமந்து வந்தவர் பரிமளா. அவரது மறு கையில் ஒரு சிறிய பித்தளைத் தட்டும் கற்பூரப் பொட்டலமும் இருந்தன.

"டாக்டர் முன்னாடியே பேசிடலாம்" என்றார் பரிமளா. "நான் மாத்தல. செத்துப் போகவும் இல்ல. இதுதான் அது."

"அப்ப எப்படிக்கா பச்சையாச்சு? டாக்டரே வாய்ப்பே இல்லைன்னு சொல்லிட்டாருங்க" என்றார் உமா.

இருவரும் என்னைப் பார்த்தனர். என் சொல்லை நானே அங்குத் திரும்பப் பெற்றிருக்க வேண்டும். பெறவில்லை. அதற்கு மாறாக, ஒரே பாம்பாகவும் இருந்து நிறமும் மாறியிருக்குமானால் புறக்காரணம் ஏதேனும் இருந்தாக வேண்டும் என்று ஆராயத் தலைப்பட்டேன். அறிவியலின் பெயரால் நான் நடத்திய அவ்விசாரணையை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

பெட்டியை எங்கே வைத்திருந்தீர்கள் என்றேன். வரவேற்பறையில் ஏசி குளிர் அடித்ததால் சமையலறையில் என்றார். இட்லி ஆவி படுமா என்றேன். வாரம் இருமுறை படும் என்றார். ஆவி என்று எழுதினேன். வெளிச்சம்? தீபாவளிக்கு வாங்கிய சீரியல் பல்புகளைப் பெட்டியைச் சுற்றி மாட்டியிருந்தார், தனியாக இருக்கிறதே என்று. பல்புகளின் நிறத்தைக் கேட்டுக் குறித்தேன். விருந்தினர் வந்தால் அஞ்சுவார்களே என்று பெட்டியை ஒரு துண்டால் மூடி வைப்பாராம். துண்டு என்ன நிறம் என்றேன். பச்சை என்றார். அதன் கீழ் இரண்டு கோடு இழுத்தேன்.

"கீரை ஏதாவது கொடுத்தீர்களா?"

பரிமளா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பாம்புக்குக் கீரையா டாக்டர்?"

எழுதியதை அடித்தேன். எலியை எவ்வாறு கொடுத்தீர்கள் என்றேன். பழைய காபி ஃபில்டரின் கீழ்ப்பாகத்தில் வெந்நீர் விட்டு எலியை இளக்கி, இடுக்கியால் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு சிவ சிவ என்று நீட்டுவாராம். பாம்பு வாங்கிக்கொண்டாலும் மறுத்தாலும் போய்த் தலைக்குக் குளிப்பாராம். பத்து வாரம், பத்துத் தலைக்குளியல். நிறம் எப்போது மாறத் தொடங்கியது, ஊரில் இருந்தவர்களிடம் ஏன் சொல்லவில்லை என்று உமா இடைமறித்தார். தாம் செய்த ஏதோ தவற்றால்தான் இப்படி ஆகிறதென்று அஞ்சி, திரும்பி வந்துவிடும் வந்துவிடும் என்று காத்திருந்ததாகப் பரிமளா சொன்னார். அவ்விடை அவருக்கே எதிராக நின்றது. மறைத்தவர் வேறு எதையும் மறைத்திருப்பார் என்றுதானே கேட்பவர் மனம் போகும்.

பரிமளா தட்டை மேசைமேல் வைத்தார். "இதுக்கு மேல சொல்ல எனக்கு ஒண்ணும் இல்ல. எங்க வீட்டுல யாரும் இதுவரைக்கும் சத்தியம் பண்ணினது கிடையாது உமா. இன்னிக்கு உனக்காகப் பண்றேன், கற்பூரத்துமேல அடிச்சு. பண்ணிட்டா நீ நம்பிடுவே. ஆனா அதுக்கப்புறம் உன் வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன்."

உமாவின் முகம் வெளுத்தது. சத்தியம் கேட்க வேண்டும் என்றுதான் அவர் வந்திருந்தார். அதன் விலை இன்னதென்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. தடுமாறிய அவர் மற்றொரு வழியைப் பற்றினார்.

"டாக்டர், அக்கா வீட்டு சமையலறையில மீனாட்சி படம் இருக்குதுங்க. பச்சைத் திருமேனி. பெட்டி அதுக்கு நேர் கீழதான் இருந்துச்சு. ஒருவேளை அம்பாளே... அப்படி இருக்கலாம்ல?"

நண்பர்களே, அக்கணத்தை நான் மறைக்க விரும்பவில்லை. நான் தலையை மெல்ல அசைத்திருந்தால் போதும். நெற்றியில் நீறும் பெயருக்குப் பின்னால் பட்டமும் உடையவன் அசைத்தால் அது செல்லும். பரிமளாவுக்குப் பழி இல்லை, உமாவுக்கு வெட்கம் இல்லை, நிலாவுக்கு அதிசயப் பாம்பு, எனக்கோ என் இரண்டு சொற்களிலிருந்து விடுதலை. என் தலை அசையத் தொடங்கியதுகூட எனக்கு நினைவிருக்கிறது. பின்னர் நாள்தோறும் விடியலில் நான் யாரை அழைக்கிறேனோ அப்பெயரால் என் அறியாமைக்குத் திரை போட இருந்தேன் என்று விளங்கியது. தலையை நிறுத்தினேன்.

"அம்பாளை இதுல இழுக்காதே" என்று பரிமளாவே முடித்து வைத்தார், கற்பூரத்தை எடுத்தார்.

அப்போது லிண்டா உள்ளே வந்தார். அறையில் ஆக்ஸிஜன் சிலிண்டர் இருக்கிறது, இங்கே எவரும் எதையும் கொளுத்தக் கூடாது என்றார். எந்தச் சமயத்துக்கும் விலக்கு இல்லை என்றும் சேர்த்துக்கொண்டார். ஆகவே நாங்கள் அனைவரும் பின்வாசல் வழியாகக் கார் நிறுத்துமிடத்துக்குப் போனோம்.

ஃப்ரீமான்ட்டின் பிற்பகல் காற்றை அறிந்தவர்கள் அடுத்து நிகழ்ந்ததை ஊகிப்பார்கள். வளைகுடாவிலிருந்து புறப்பட்டு வரும் அக்காற்றுக்கு நேர் முகமாகத்தான் எங்கள் பின்வாசல் இருந்தது. தட்டைத் தரையில் வைத்துப் பரிமளா குந்தினார். முதல் தீக்குச்சி அணைந்தது. இரண்டாவது அணைந்தது. உமா தம் துப்பட்டாவை விரித்து மறைத்தார். யாருக்கு எதிராகச் சத்தியமோ அவரே காற்றுக்கு எதிராகத் துணை நின்றார். மூன்றாவது அணைந்தது. லிண்டா ஒரு நாய்த் தீவனப் பெட்டியைக் கொண்டுவந்து மேற்குப் பக்கம் நிறுத்தினார். ஊசி போட வந்திருந்த ஒரு லேப்ரடார் தன் உரிமையாளரை இழுத்துக்கொண்டு அருகில் வந்து கற்பூரத்தை முகர்ந்து தும்மியது. பாம்போ உறைக்குள் என் முழங்கையில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கும் வேறு வேலை இல்லாததால் லெமனின் கோப்பை விரித்து வடக்குப் பக்கம் தடுத்தேன்.

ஆறாவது குச்சி பற்றியது. கற்பூரத்தின் ஓரத்தில் நீலமாய் ஒரு முனை தோன்றியது. பரிமளா வலக்கையைத் தூக்கினார்.

அக்கணம் காற்று என் கோப்பைப் பிரித்தது. உள்ளேயிருந்த தாள் எழும்பிப் பறந்தது. கையெழுத்திட்ட மருத்துவ ஆவணம் பறக்கையில் எந்த மருத்துவனின் காலும் நிற்காது. பாம்போடு நான் ஓடினேன். தடுப்பு நீங்கியதால் கற்பூரம் அணைந்தது. தாள் ஒரு வெள்ளைக் காரின் கூரை வழியாக, குப்பைத் தொட்டியை வலம் வந்து, வேலியோரத்து ரோஜாச் செடியில் சிக்கியது. முள்ளிலிருந்து அதை விடுவிக்கையில்தான், வசந்தத்தில் நானே எழுதிய ஐந்தாவது வரி என் கண்ணில் பட்டது. 'வயிறு: எச்சத்துளைக்கு முன் பதினோராவது செதில் இடப்பக்கம் பாதியாகப் பிளந்துள்ளது. பிறவிக் குறை. தீங்கில்லை.'

பாம்பு எத்தனை முறை தோலுரித்தாலும் பிறவியிலேயே பிளந்த செதில் பிளந்தபடியேதான் புதிய தோலிலும் வரும். இவ்வளவு எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், ஐந்து வரி உள்ள என் கோப்பின் முதல் வரியை மட்டும் நினைவில் வைத்து ஒருவர் மானத்தைத் தீர்மானிக்கும் விடையைச் சொல்லியிருந்தேன்.

"பரிமளா அம்மா, குச்சியைக் கீழே போடுங்கள்" என்றேன். என் குரல் மிகையாக ஒலித்திருக்க வேண்டும், லேப்ரடார் படுத்துக்கொண்டது.

உறையிலிருந்து பாம்பை எடுத்துத் திருப்பினேன். முதுகு முழுப் பச்சை. வயிற்றோரம் மஞ்சள் இன்னும் மங்கலாகத் தங்கியிருந்தது. உமாவை அருகே அழைத்து, துளையிலிருந்து முன்னோக்கி விரலால் எண்ணச் சொன்னேன். பாம்பை அவர் அதுவரை தொட்டதில்லை. ஒன்று, இரண்டு என்று தமிழில் எண்ணினார். பதினொன்றில் விரல் நின்றது. இடப்பக்கம் பிளந்திருந்தது. தாளை அவர் கையில் கொடுத்தேன்; ரோஜா முள் குத்திய ஓட்டைகளோடு அவர் அதை இருமுறை படித்தார்.

"அப்ப இது லெமன்தான். சரிங்க. ஆனா எப்படிப் பச்சையாச்சு?"

"எனக்குத் தெரியாது" என்றேன்.

அம்மருத்துவமனையில் நான் அச்சொற்களைக் கூறியது அதுவே முதல் முறை என்று லிண்டா பின்னர் பலரிடம் சொல்லியிருக்கிறார்.

நிலா தன் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினாள். கண்காட்சியில் பாம்பை விற்றவரின் எண். ஊரிலிருந்து வந்த அன்றே அவரை அழைக்கலாம் என்று அவள் சொன்னாளாம். டாக்டர்தான் முடியாது என்று சொல்லிவிட்டாரே, பிறகென்ன என்று வீட்டில் தடுத்துவிட்டார்களாம். நான் உள்ளே சென்று அழைத்தேன். கழுத்துவரை பச்சை குத்திய அம்மனிதரை வசந்தத்தில் நிலா காட்டிய கண்காட்சிப் புகைப்படத்தில் பார்த்து நான் முகம் சுளித்தது நினைவுக்கு வந்தது. அவர் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார், பிறகு சிரித்தார். அந்த இனத்தின் குட்டி மஞ்சளாகவோ செங்கல் சிவப்பாகவோதான் பிறக்கும். ஓராண்டு நிறைவதற்குள் பச்சையாகும். சிலவற்றுக்கு ஓரிரு வாரம், சிலவற்றுக்குச் சில மாதம். "அது மஞ்சளாகவே இருந்திருந்தால்தான் டாக்டர், நான் ஆச்சரியப்பட்டிருப்பேன்" என்றார். ஒலிபெருக்கி வழியாக அனைவரும் கேட்டனர்.

அதன்பின் நான் படித்தேன். அவரிடமே பலமுறை கேட்டும் கற்றேன். கருநிறமியைப் பிறப்பிலேயே இழந்து வெளிறிப் பிறக்கும் பாம்பு உண்டு, அது மரபு. வயதோடு மங்கும் பாம்பும், வயதோடு வேறு நிறம் ஏற்கும் பாம்பும் உண்டு. அதுவும் மரபில் எழுதப்பட்ட கடிகாரமே. தோலுரிக்குமுன் கண்ணும் உடலும் பால் படர்ந்தாற்போல் ஆவது இயல்பு. பகலில் ஒரு சாயலும் இரவில் ஒரு சாயலும் காட்டும் பாம்புகளும், சினைக்காலத்தில் நிறம் திரியும் பாம்புகளும் உண்டு. வெப்பம் தவறினாலும் மனம் கலங்கினாலும் கருக்கும். ஈரப் படுக்கையில் கிடந்து வயிறு சிவந்தால் அது நோய். அன்றே மருந்து வேண்டும். இவற்றையெல்லாம் நூலில் நீங்களே காணலாம். பச்சைத் துண்டால் பாம்பு பச்சையாகாது என்பது மட்டும் நூலில் இல்லை. அதை எழுத வேண்டிய தேவை எவருக்கும் நேர்ந்திராது.

தொலைபேசியை வைத்துவிட்டு மீண்டும் வெளியே வந்தேன். அனைவரும் என் பின்னால் வந்தனர். உமா பரிமளாவின் அருகே போனார். "அக்கா" என்றார். பரிமளா தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"பரவாயில்ல உமா. உன்ன சொல்லல. டாக்டரும்தான், எல்லாரும்தான். நான் என்ன பண்ணினேன், என்ன பண்ணினேன்னுதான் கேட்டீங்க. அதுக்கு என்ன ஆச்சுன்னு ஒருத்தரும் கேக்கல."

இருபது ஆண்டுப் பட்டமும் அனுபவமும் உடைய நான் அங்கே நின்றேன். பத்து வாரம் நாள் தவறாமல் அவ்வுயிரைக் கண்டவர் உலகில் அவர் ஒருவரே. அவரை நான் குற்றவாளியாக விசாரித்தேனே அன்றி, சாட்சியாகக் கேட்கவில்லை.

நிலா என் கையிலிருந்து உறையை வாங்கிக்கொண்டாள். உள்ளே கை விட்டு, பாம்பு விரல்களைச் சுற்றிக்கொள்ளும்வரை காத்திருந்தாள். பிறகு பரிமளாவின் எதிரே போய் நின்றாள். வீட்டில் அவளைத் தமிழில் பேச வைக்கக் கெஞ்ச வேண்டும் என்பார்கள்.

"லெமனுக்கு என்ன ஆச்சு, ஆன்ட்டி?"

பரிமளா தட்டைக் கீழே வைத்தார். நடைபாதையின் சிமென்ட் விளிம்பில் உட்கார்ந்தார். நிலா பக்கத்தில் உட்கார்ந்தாள். சற்றே தயங்கி, உமா மறுபக்கம் உட்கார்ந்தார். பரிமளா நகர்ந்து இடம் கொடுத்தார்.

"ஒரு செவ்வாய்க்கிழமை" என்று தொடங்கினார். "காலையில பாக்கறேன், கழுத்துக்குக் கீழ கொத்தமல்லி இலை ஒட்டின மாதிரி ஒரு புள்ளி. தட்டி விடலாம்னு பாத்தேன், போகல. வியாழக்கிழமை அது மூணாச்சு..."

முதுகெலும்பின் வழியாகப் பச்சை எவ்வாறு இறங்கியது, எந்த வாரம் அது எலியை மறுத்தது, எந்த வாரம் கண்ணில் பாலாடை படர்ந்து தோல் உரிந்தது, தோலுரித்த மறுநாள் எந்தப் பச்சை என்று ஒன்றையும் விடாமல் சொன்னார். என் வாழ்நாளில் நான் கேட்ட மிகத் தெளிவான நோயாளி வரலாறு அதுதான். நான் பேனாவை எடுத்து, முள் குத்திய அத்தாளின் பின்பக்கத்தில், அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.